நடமாட்டம் இல்லை

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. பஸ் கண்டக்டராக நாள் முழுக்க டிக்கெட் கிழிக்கிற மனுசனுக்கு வீட்டில் வந்து எழுத என்ன இருக்கிறது. ஒரு மாதமாக டிவி மேல் சும்மா கிடந்தது. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். ஆபீசில் நான் எழுதும் ரோந்துப் பதிவேட்டில் கோபத்துக்கென்று பத்தி கிடையாது.

நஞ்சன் பதினோரு மணிக்கு வேங்கைச்சரிவிலிருந்து இறங்கி வந்தான். வேட்டைத் தடுப்புக் காவலன், ஆறு வருசமாக என்னோடு இருக்கிறான். வழக்கமாக வந்ததும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பான். இன்றைக்குக் கேட்கவில்லை.

"அக்கா, மேல மரத்துலயெல்லாம் செவப்புப் பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்குதுங்க. ஆத்தோரத்துல இருந்து தோட்டம் வரைக்கும்."

மாங்குழி சரணாலயத்தில் என் பகுதி அந்தச் சரிவுதான். கீழே ஆறு, மேலே பாழாய்ப் போன காப்பித் தோட்டம், நடுவில் ஆள் நேராக நிற்க முடியாத காடு. பதினைந்து வருசத்துக்கு முன்னால் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பொம்பளை இதில் எத்தனை நாளைக்கு ஏறுவாள் பார்க்கலாம் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். கட்டியவர்கள் எல்லாரும் தோற்றார்கள்.

நான் இன்று மேலே போய்ப் பார்க்கவில்லை. செக்போஸ்டில் வேலை இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன். ரேஞ்சர் இளம்பரிதிக்கு என் கடைசித் தம்பி வயசு. கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார், அவ்வளவுதான் குறை.

ரோடு வருகிறதாம். ஆற்றிலிருந்து தோட்டம் வரைக்கும் ஒன்பது கொண்டை ஊசி வளைவு. தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர்கள் அங்கே சொகுசு விடுதி கட்டப் போகிறார்கள். சரணாலயத்துக்குள் எப்படி சார் ரோடு போடுவார்கள் என்று கேட்டேன். அவர் ஃபைலைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். உள்ளே என் ரோந்துப் பதிவேட்டின் நகல். ஜூனிலிருந்து ஜனவரி வரை, எட்டு மாதம். ஒவ்வொரு வரியும் ஒரே வரி. 'வேங்கைச்சரிவு முழுவதும் சுற்றிப் பார்க்கப்பட்டது. வன விலங்கு நடமாட்டம் இல்லை.' கீழே கே. சாந்தாமணி, வனக்காப்பாளர்.

"விலங்கே வராத சரிவுன்னு நீங்கதாங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்க பதிவேடுதான் இந்த ஃபைலுக்கே ஆதாரம்" என்றார் ரேஞ்சர். பாராட்டுவதாகத்தான் சொன்னார்.

கையெழுத்து என்னுடையதுதான். எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. ஃபைலை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் என் முழங்காலுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் கேட்டேனா? கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

விதியைப் பற்றி எழுதிவிடுகிறேன். எல்லாக் குற்றமும் என்னுடையது என்று ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

போன வருசம் மே மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. விலங்கு நடமாட்டம் என்று பதிவேட்டில் எழுதினால் படம் இணைக்க வேண்டும். காலடித் தடமோ, லத்தி என்கிற சாணமோ, அதன் பக்கத்தில் வனக்காப்பாளர் யூனிபார்மில் நிற்க வேண்டும், தேதியும் இடமும் படத்திலேயே விழ வேண்டும். பழைய படத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பிய சில புண்ணியவான்களுக்காகப் போட்ட விதி. அன்றிலிருந்து யானை லத்தியோடு ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நடமாட்டம் இல்லை என்று எழுத ஒரு படமும் வேண்டாம். அது எழுத்தாகவே போதும்.

நஞ்சனிடம் போய் இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் கல்லைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம், அக்டோபரில் பதினோரு யானை அந்தச் சரிவில் ஆற்றுக்கு இறங்கியதையும், அதில் இரண்டு குட்டி என்பதையும், அன்றைக்கே வந்து என்னிடம் சொன்னதையும் ஞாபகப்படுத்தினான். நான் படமில்லாமல் எப்படி எழுதுவது என்று சத்தம் போட்டேன். அவன் என் காலைத்தான் பார்த்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

யூனிபார்மைத் துவைத்தேன். ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றைக்கு ஏறினேன்.

முன்னெல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிய சரிவு. இன்றைக்கு நாலே கால் மணி நேரம். நஞ்சன் ஒரு மூங்கில் கழி வெட்டிக் கொடுத்தான். கை கொடுக்க வந்தான், தட்டிவிட்டேன். பாதியில் நானே அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பாறைத் திருப்பத்தைத் தாண்டினால் ஒரு வழுக்கல் பட்டை. அதில்தான் போன ஜூன் ஒன்பதாம் தேதி விழுந்தேன். எழுதிவிட்டேன். பன்னிரண்டு அடி உருண்டு ஒரு வேங்கை மரத்தில் மோதி நின்றேன். இடது முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. வீட்டில் பஸ் படியில் தடுக்கியது என்று சொன்னேன், பஸ் கண்டக்டரிடமே. ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே என்னை டவுனில் தபால் பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டு, பொம்பளையால் முடியாது என்று அன்றைக்கே சொன்னோமே என்பார்கள். கால் சரியாகட்டும், அடுத்த வாரம் ஏறலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அதற்கு அடுத்த வாரம், எட்டு மாதம் ஆகிவிட்டது. வாரம் மூன்று நாள் நஞ்சன் மேலே போவான், நான் ஆற்றோரம் பாறையில் உட்கார்ந்து 'முழுவதும் சுற்றிப் பார்க்கப்பட்டது' என்று எழுதுவேன்.

இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் ஒரு பத்திக்கு மேல் வரவில்லை.

மேலே போனதும் சிவப்பு நம்பர்களைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைந்து வளைந்து ஏறுகிறது. சர்வேக்காரர்கள் அதிகம் கஷ்டப்படவில்லை. அந்தச் சரிவில் எங்கே கால் வைத்தால் சறுக்காது என்று யானை என்றைக்கோ கண்டுபிடித்து வழி போட்டு வைத்திருக்கிறது. பெரிய உடம்பு, விழுந்தால் எழ முடியாது, அதனால் அது பார்த்துப் பார்த்துத்தான் அடி வைக்கும். அந்த வழியிலேயே பெயிண்ட் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஆற்றுக்கு இறங்க யானைக்கு வேறு வழி கிடையாது. மற்றதெல்லாம் மொட்டைப் பாறை.

நாற்பத்தோராம் நம்பர் மரத்தடியில் லத்தி கிடந்தது. நேற்றைய லத்தி. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். நஞ்சன், கொஞ்சம் சிரிங்கக்கா என்றான். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. படத்தில் கண் சிவந்து, கோபமாக இருக்கிற மாதிரி விழுந்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

படத்தை ரேஞ்சரிடம் கொடுத்தேன். பார்த்தார். ஒரு நாள் ஒரு யானை வழி தவறி வந்திருக்கும் என்றார். எட்டு மாதப் பதிவேட்டுக்கு முன்னால் ஒரு படம் எந்த மூலைக்கு என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, இருபத்தேழாம் தேதி, மாவட்டக் குழு நேரில் பார்க்க வருகிறது. பதிவேட்டில் உள்ளது உண்மை என்று நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, வனவர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருப்பதையும் சொன்னார். இரண்டும் வேறு வேறு விசயம் மாதிரி, நடுவில் டீ சொல்லிவிட்டுச் சொன்னார். டீயைக் குடிக்காமல் வந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது அவருக்கு முதல் நாளே தெரியுமாம். பஸ் படியில் விழுந்தவள் உள்ளங்கையில் செம்மண் எப்படி வரும் என்கிறார். எட்டு மாதமாகத் தெரிந்துகொண்டு தைலம் மட்டும் வாங்கி வந்திருக்கிறார். அந்த நிமிசம் அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பொய் எழுதினேன் என்று குழுவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டார். சஸ்பெண்ட் ஆகும், வேலையே போனாலும் போகும் என்றேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றார். வனவர் ஆவேன், தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு அந்த ரோட்டில் ஜீப்பில் போவேன் என்றேன்.

"ஏம்புள்ள, அந்த ஜீப்புல உன்னால உக்கார முடியுமா?" என்றார்.

முடியாது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கடலை உரித்தோம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நஞ்சனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும், சாந்தாமணி சொன்னதைச் செய்தேன், எழுதியது எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அவன் தற்காலிக ஆள். ஒரு போன் போதும், நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும். என் பொய்யை நான்தான் சுமக்க வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

ஏழு பேர் வந்தார்கள். ஆற்றோரத்தில் ஷாமியானா, இளநீர், பிளாஸ்டிக் நாற்காலி. சரிவில் ஒருத்தரும் ஏறவில்லை. கீழே நின்று, நெற்றிக்கு மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல காற்று என்றார்கள்.

ரேஞ்சர் என் பதிவேட்டைப் பற்றி விளக்கினார். குழுத் தலைவர், அந்த வனக்காப்பாளர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். முன்னால் போய் சல்யூட் அடித்தேன். ரேஞ்சர் எழுதித் தயாராக வைத்திருந்த தாளை நீட்டினார், பேனாவையும் திறந்து கொடுத்தார். நான் பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"ஐயா, இதுல எழுதியிருக்கறது பூராப் பொய்ங்க. அந்த எட்டு மாசமும் நான் இந்தச் சரிவுல காலே வெக்கலீங்க. கீழ உக்காந்துக்கிட்டு நடமாட்டம் இல்லைன்னு எழுதுனேன். நடமாடாம இருந்தது நாந்தானுங்க, ஆனைங்க இல்லீங்க."

ஒரு இளநீர் கீழே விழுந்து உருண்டது. தலைவர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். தெரிந்துதான் ஐயா என்றேன்.

மார்ச் 3, திங்கள்

சஸ்பெண்ட். அதோடு 17பி மெமோ, பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் கடிதம். 'எட்டு மாத காலம் ரோந்து செல்லாமல் சென்றதாகப் பொய்ப் பதிவு செய்தது.' பதினைந்து நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள். பதினைந்து நிமிசத்தில் எழுதிவிட்டேன். உண்மை.

ரோடு ஃபைலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிகிற வரைக்கும்தான்.

மார்ச் 12, புதன்

மீன்காரம்மா என்னிடம் பேசவில்லை. எட்டு மாதம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் என்று தெருவில் பேச்சு. தப்பாகப் பேசவில்லையே. நானே போய் மத்தி கேட்டு வாங்கி வந்தேன். தலையைக் குனிந்துகொண்டு வாங்கவில்லை, செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மார்ச் 22, சனி

ரேஞ்சர் வீட்டுக்கு வந்தார், மப்டியில், ஆரஞ்சுப் பழத்தோடு. விசாரணை அதிகாரி நல்ல மனுசியாம். மன உளைச்சலில் அன்றைக்கு உளறிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். மெமோ ரத்து, வேலை திரும்ப வரும், பட்டியலில் பெயரும் அப்படியே இருக்கும்.

மாதாமாதம் என் பதிவேட்டைச் சரிபார்த்ததாக அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் பொய் என்றால் அவர் சரிபார்த்ததும் பொய். பாவம், அதை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். பழத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். இப்போது யோசித்தால், அவருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, அவர் பயமும் பயம்தான். ஆனாலும் பழத்தை வாங்கியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை. கூத்தாக இருந்தது.

வேறு கோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருத்தர்தான் விசாரணை அதிகாரி. ரேஞ்சர் சாட்சி சொன்னார், சாந்தாமணி நேர்மையானவர், ஒரு நாள் தவறாமல் ரோந்து போவார். எனக்கு மேலே இருக்கிற வனவரும் அதையே சொன்னார், கூடவே நான் காட்டுக்குத் தாய் மாதிரி என்றும் சொன்னார். பதினைந்து வருசத்தில் என்னை யாரும் இவ்வளவு புகழ்ந்ததில்லை. அவ்வளவும் பொய்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க மட்டும் இருக்குன்னு சொல்றீங்க. உங்க வாயைத் தவிர வேற ஆதாரம் இருக்காம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகவில்லை. அவ்வளவு கச்சிதமாக மறைத்திருக்கிறேன். நஞ்சன் கதவுக்கு வெளியே நின்றான், உள்ளே வரட்டுமா என்று ஜாடை காட்டினான். வரக் கூடாது என்று முறைத்தேன். ஆதாரம் கொண்டுவர ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். இல்லையென்றால் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிவிடுவாராம். எழுதினால் பதிவேடு உண்மையாகிவிடும், யானை பொய்யாகிவிடும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குற்றவாளி என்று நிரூபிக்க நான் படுகிற பாடு ஒரு திருடன் தப்பிக்கப் பட்டிருக்க மாட்டான். மூன்று நாளாகப் பதிவேட்டு நகலைப் புரட்டுகிறேன். நடமாட்டம் இல்லை. நடமாட்டம் இல்லை. கண்ணை மூடினாலும் அதுதான் தெரிகிறது.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். பருப்பைப் பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்து, நவம்பர் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று தேதிகளைப் படித்தார். பிறகு பிசைவதை நிறுத்தினார். அந்த மூன்று நாளும் ஆற்றில் வெள்ளம், பாலத்துக்கு மேல் தண்ணீர், பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள், அந்த வாரம் பூரா எனக்கு டூட்டி இல்லையே என்றார்.

நான் பதிவேட்டைப் பார்த்தேன். பதினெட்டாம் தேதி: 'ஆற்றைக் கடந்து வேங்கைச்சரிவு முழுவதும் சுற்றிப் பார்க்கப்பட்டது.' பாலம் முழுகிக் கிடந்த அன்றைக்கு நான் ஆற்றைக் கடந்திருக்கிறேன். மூன்று நாளுக்கும் சேர்த்து வீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன்.

வெட்கத்தில் முகம் எரிந்தது. அடுத்த நிமிசம் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சோறு ஆறிப்போனதே தெரியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

கொடுத்துவிட்டேன். எங்கள் செக்போஸ்டின் கேட் புத்தக நகல், மூன்று நாளும் பாலம் மூடல், யாரும் அக்கரைக்குப் போகவில்லை. பொதுப்பணித் துறையின் வெள்ள அளவு. பஸ் டிப்போவின் கடிதம். பக்கத்தில் என் பதிவேடு. அந்த அம்மா நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேலை போய்விட்டால் வருத்தப்பட மாட்டீர்களா என்று கேட்டார்.

"வருத்தப்படுவேனுங்க. தெனமும் படுவேன். அதுக்காக பொய்ய உண்மைன்னு விட முடியுமுங்களா?"

அவர் எழுதிக்கொண்டார்.

மே 28, புதன்

உத்தரவு வந்தது. வனவரே கொண்டுவந்து கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது. வேலை போகவில்லை. வனக்காப்பாளர் பதவியிலிருந்து வனக் காவலராக இறக்கியிருக்கிறார்கள். பதவி உயர்வு இனி இல்லை. சமவெளியில், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில், நாற்றங்காலில் வேலை. சரிவுக்கு வேறு ஆள் வரும். அந்த வரியைப் படித்தபோது எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் மிச்சத்தை உரக்கப் படித்தார். கடைசிப் பத்தி: மேற்படி எட்டு மாதப் பதிவுகள் செல்லாதவை, அவற்றை ஆதாரமாகக் கொண்ட சாலை அனுமதிக் கோப்பு திருப்பி அனுப்பப்படுகிறது, ஓராண்டுக்குச் சரிவில் புதிதாகக் கணக்கெடுப்பு நடத்தி, அதன் பிறகே பரிசீலிக்க வேண்டும்.

ஒரு வருசம். நஞ்சன் போனில், ஆனைங்களுக்கு அது போதுமுங்கக்கா, எண்ணிப் பாக்க வர்றவங்களுக்கு லத்தி போட்டே காட்டிருமுங்க என்றான். விழுந்து விழுந்து சிரித்தேன்.

மே 30, வெள்ளி

காலையில் யார் யாரோ போன் செய்கிறார்கள். திடீரென்று எல்லாருக்கும் என் மேல் பாசம். தண்டனை ரொம்ப அதிகம், மேல்முறையீடு செய்யுங்கள், வக்கீலை நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்று பெயர் சொல்லாத ஒருவர் தேனாகப் பேசினார். அப்பீலில் நான் நிரபராதி என்று ஆனால் பதிவேட்டுக்கு மறுபடி உயிர் வந்துவிடும். எனக்கா தெரியாது.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை நாள் எனக்கு வேண்டாம். பதினோரு மணி பஸ்ஸில், அவர் பஸ்ஸிலேயே, முன் சீட்டில் உட்கார்ந்து டவுனில் கோட்ட ஆபீசுக்குப் போனேன். செய்த குற்றத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், மேல்முறையீடு செய்யப் போவதில்லை என்று எழுதி, கே. சாந்தாமணி, வனக் காவலர் என்று கையெழுத்துப் போட்டு, கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.